டிரைவர மாத்திட்டாக

டிரைவர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். விலையைப் பார்ப்பார்கள், பெட்டி பளபளப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மோட்டாரின் முதுகில் ஒட்டியிருக்கிற சீட்டை மட்டும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். மோட்டார் எத்தனை ஆம்பியர் கேட்கிறது என்று அதில்தான் எழுதியிருக்கும். கேட்டதைச் சிரமப்படாமல் கொடுக்கிற டிரைவராக எடுக்க வேண்டும். திணறித் திணறிக் கொடுக்கிற டிரைவரை மாட்டினாலும் முதலில் நன்றாகத்தான் ஓடும். சூடு ஏறின பிறகுதான் அதன் சுயரூபம் தெரியும்.

மிஷினை விலைக்குக் கேட்டு நீங்கள் ஷெட்டுக்குள் வந்ததுமே, "இதுல என்ன டிரைவர் போட்டிருக்கீங்க?" என்று கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. இந்த மிஷினைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். மற்றவர்கள் எல்லோரும் டிரைவர் என்றால் ஞானதுரையைத்தான் நினைத்தார்கள். அதற்கும் வருகிறேன். காபி ஆறுகிறது, குடியுங்கள்.

கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் மரப்பலகையில் தானே செதுக்குகிற மிஷின் இது. என் தம்பி விஜயகுமாரும் நானும் சேர்ந்து செய்தது. திராட்சைப் பழத்தைப் பெட்டியில் அடுக்குவதற்காகக் கட்டிய ஷெட் இது. பழ வியாபாரம் எங்களுக்கு ஒத்துவரவில்லை, ஷெட் மட்டும் மிஞ்சியது. இரும்பு வேலையும் கம்ப்யூட்டரும் அவன் பொறுப்பு, பாலிடெக்னிக் படித்தவன். மோட்டார், வயர், கரண்ட் பெட்டி எல்லாம் என் பொறுப்பு. நான் தோட்டத்து மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். ஓடைப்பட்டியைச் சுற்றி எந்தக் கிணற்றில் மோட்டார் புகைந்தாலும் சுந்தரலிங்கம் பட்டறைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

கம்ப்யூட்டர் சொல்வது மோட்டாருக்கு நேரடியாகப் புரியாது. இவ்வளவு நகரு, இந்தப் பக்கம் திரும்பு என்று அது சொல்வதைக் கரண்டாக மாற்றிக் கொடுக்க நடுவில் ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்குத்தான் டிரைவர் என்று பேர். அரைச் செங்கல் அளவு இருக்கும். பலகையின் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, செதுக்குகிற தலை மேலும் கீழும் போய்வர ஒன்று.

எங்கள் ஊரில் டிரைவர் என்றால் ஸ்டியரிங் பிடிக்கிற ஆள், வேறு அர்த்தமே கிடையாது. தம்பி டீக்கடையில் நின்றுகொண்டு போனில், "மூணு டிரைவர் வேணும், சீக்கிரம் அனுப்பிவிடுங்க" என்று சென்னைக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறான். மறுநாள் விடிந்ததும் இரண்டு பேர் லைசென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். ஒருவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். இன்னொருவன் ஜெயமங்கலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவன், போக மனமில்லாமல் நின்றான். "ஏலே, வந்ததுதான் வந்துட்ட, எங்க குட்டி யானைய ஓட்டுறியா?" என்று தம்பி கேட்டான். பலகை ஏற்றவும் கதவு இறக்கவும் ஒரு குட்டி லாரி வைத்திருந்தோம். ஞானதுரை எங்களிடம் வேலைக்கு வந்தது இப்படித்தான், ஒரு வார்த்தையைத் தப்பாகக் காதில் வாங்கி.

இந்த வகை மோட்டாரிடம் ஒரு குணம் உண்டு. கிணற்று மோட்டார் ஓடும்போதுதான் உழைக்கும், நின்றால் ஓய்வு. இது நிற்கும்போதும் உழைக்கும். நின்ற இடத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பதற்கே அதற்குக் கரண்ட் வேண்டும். பார்க்கிறவனுக்குச் சும்மா நிற்பதுபோல் இருக்கும், தொட்டால் கை சுடும். தம்பி முதன்முதலில் இதைச் சொன்னபோது யாரோ என்னைப் பற்றிச் சொன்னதுபோல் இருந்தது. எங்கள் அம்மா இருளம்மாள் போனபோது அவனுக்கு வேட்டி கட்டத் தெரியாத வயசு. அப்பா அதற்கு முன்னாலேயே போய்விட்டார். அன்றிலிருந்து நான் நின்ற இடத்தில் நின்று அவனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, வெளியூர் போகவில்லை. அதை ஒரு குறையாக யாரிடமும் சொன்னதும் இல்லை.

டிரைவரின் பக்கவாட்டில் பொடிப்பொடியாக ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும். கரண்டின் அளவை வைக்கச் சில, மோட்டாரின் ஓட்டத்தைப் பிசிறில்லாமல் ஆக்கச் சில. ஒரு ஸ்விட்ச் மட்டும், மோட்டார் நிற்கும்போது கரண்டைப் பாதியாகக் குறைப்பதற்கு. போட்டால் சூடு குறையும், பிடியும் குறையும். மேல் கீழ் மோட்டாருக்கு அதைப் போடக் கூடாது. செதுக்குகிற தலை கனமானது, பிடி தளர்ந்தால் சரசரவென்று இறங்கிவிடும். நீங்கள் எப்போதாவது மிஷின் செய்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் முதலில் வாங்கியது மலிவுச் சரக்கு. மூன்று டிரைவரும் ஒரே பச்சைப் பலகையில் இருக்கும். அதற்கு ஒரு பழக்கம். சூடு எல்லை தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பிடியை விட்டுவிடும். கொஞ்சம் ஆறினதும் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் சோதித்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஊமைக்குசும்பு என்று தம்பி அதற்குப் பேர் வைத்திருந்தான். பட்டு அனுபவித்த பிறகுதான் மூன்று கறுப்புப் பெட்டிகள் வாங்கினோம். பச்சைப் பலகையை நான் அலமாரியில் எடுத்து வைத்தேன். எதையும் தூக்கி எறிகிறவன் இல்லை நான்.

கறுப்புப் பெட்டி வந்தபிறகும் ஒரு தொந்தரவு பாக்கி இருந்தது. இரண்டாயிரத்து எட்டில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஞாபகம் இருக்கிறது. கரண்ட் போய்விட்டால் எந்த டிரைவராலும் பிடிக்க முடியாது, தலை இறங்கிவிடும். அதற்குத் தம்பி ஒரு வேலை செய்தான். கிணற்று உருளையை உத்தரத்தில் மாட்டி, கயிற்றின் ஒரு முனையை மிஷினின் தலையில் கட்டி, மறுமுனையில் அம்மாவின் அம்மிக்குழவியைத் தொங்கவிட்டான். கிட்டத்தட்ட சம எடை. அதன்பிறகு கரண்ட் போனாலும் தலை அந்தரத்தில் அப்படியே நிற்கும். எத்தனையோ பேர் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் குழவி தொங்குவதைப் பார்க்கச் சந்தோஷமாகவே இருந்தது.

தம்பியிடம் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். செதுக்கும்போது பள்ளத்தில் மரத்தூள் அடைத்துக்கொள்ளும். மிஷினைப் பாதியில் நிறுத்தி, தலையை மேலே தூக்கி வைத்துவிட்டு, அதன் கீழே குனிந்து கழுத்தை நீட்டி வாயால் ஊதுவான். பிடரிக்கு மேலே உளி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். "வாய் இருக்கும்போது பிரஷ் எதுக்குண்ணே?" என்பான். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். ஆகவே அந்தப் பழக்கம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

கதவு வேலை நன்றாகவே வந்தது. தம்பியின் மனைவி பவானி குமுளிக்காரி. அவளுடைய தாய்மாமன் மூலமாகக் கேரளாவில் கட்டப்பனையிலிருந்து ஒரு கதவு வியாபாரி வந்தார். குழவியைப் பார்த்துச் சிரித்தார். செதுக்கி வைத்திருந்த அன்னத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அவர்கள் பாஷையில் அர்த்தம். என் காதுக்குக் கொள்ளை என்று விழுந்தது. மிஷினோடு வந்துவிட்டால் இடம் தருகிறேன், வீடும் தருகிறேன், கூட்டாகத் தொழில் செய்யலாம் என்றார். பவானிக்கு முகமெல்லாம் வெளிச்சம். வண்டியை விற்றுவிட்டுப் போகலாம் என்று அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

தம்பி என்னிடம் வந்து, "அண்ணே, நீகளும் வந்துருங்க. பட்டறைய அங்கன போட்டுக்கிடலாம். நீக இல்லாம நான் மட்டும் எங்கிட்டுப் போறது?" என்றான்.

முகத்துக்காகச் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் சாப்பிடும்போதெல்லாம் அதையே சொன்னான். எனக்கென்று தனியறை வேண்டும் என்று வியாபாரியிடம் கேட்டிருப்பதாகக்கூடச் சொன்னான். கிளம்புகிறவன் அப்படித்தான் சொல்வான். ஆற்றைக் கடக்கிறவரைக்கும்தான் அண்ணன் தம்பி, கடந்தபிறகு நீ யாரோ நான் யாரோ. நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பேச்சை முடிப்பதற்கு வியாபாரி ஒரு நாள் குறித்தார். மிஷின் ஓடுவதை இன்னொரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அன்றைக்கு மிஷின் சொதப்ப வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அன்னத்தின் கழுத்து கோணிப்போனால் வியாபாரி கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார், தம்பி இங்கேயே இருப்பான். வீட்டுப் பெரியவன் ஒருவன் இப்படி நினைத்ததில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

முதலில் குழவியை அவிழ்த்தேன். வெளியூர்க்காரர் வரும்போது மிஷினில் அம்மிக்குழவி தொங்கினால் நன்றாக இருக்காது என்று தம்பியிடம் சொன்னேன். "கறுப்பு டிரைவர்தான் நல்லாப் பிடிக்குதே, சரிண்ணே" என்றான். பிறகு மேல் கீழ் மோட்டாருக்கான கறுப்புப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் வயர்களைப் பச்சைப் பலகையில் மாட்டினேன். கரண்ட் பெட்டியைத் திறந்து பார்க்கிற வழக்கம் தம்பிக்குக் கிடையாது, அது என் பொறுப்பு. பெட்டிக்குள் ஒரு சின்ன விசிறி இரைந்துகொண்டே இருக்கும், அதன் வயரையும் உருவி விட்டேன். விருந்தாளி வருகிற இடத்தில் சத்தம் எதற்கு.

நீளத்து மோட்டாரின் டிரைவரை மாற்றியிருந்தாலும் அன்னம் கோணியிருக்குமே, யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காதே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். மேல் கீழ் மோட்டாரின் டிரைவர்தான் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

வேலையை அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கம் இல்லை. அதனால் குழவியை அவிழ்த்த பிறகு, பச்சைப் பலகையை மிஷினில் மாட்டுவதற்கு முன்பே, என் பட்டறையில் சோதித்துப் பார்த்திருந்தேன். பச்சைப் பலகையை ஒரு மோட்டாரோடு சேர்த்து, மோட்டாரில் கயிற்றைச் சுற்றி, அம்மிக்குழவியையே தொங்கவிட்டேன். மிஷின் தலையின் எடைக்குச் சரியாக என்னிடம் இருந்த பொருள் அது ஒன்றுதான். ஒருவன் மிஷினை ஓடவிட்டு, ஒரு பூ செதுக்கி முடித்து, தூளை ஊதலாம் என்று குனிகிற நேரம் ஆகும்போது டிரைவர் பிடியை விட்டது. குழவி உடைந்துவிடக் கூடாதென்று கீழே சாக்கை மடித்துப் போட்டிருந்தேன்.

வியாபாரி வருகிற அன்று காலையில் தம்பி மிஷினைப் போட்டதும் காதைச் சாய்த்துக் கேட்டான். கறுப்புப் பெட்டியில் மோட்டார் சத்தமே காட்டாமல் நிற்கும். பச்சைப் பலகையில் நின்றால் கொசு கத்துவதுபோல் ஒரு சன்னமான சத்தம் வரும்.

"என்னண்ணே, மேல் மோட்டார் சத்தம் வேற மாதிரி இருக்கு. டிரைவர மாத்துனீகளா?"

"இல்லப்பா. எர்த் வயர் லூசா இருந்துச்சு, முறுக்கி விட்டேன்."

"சரிண்ணே" என்றான். அதோடு முடிந்தது. என் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவனுக்குப் பழக்கமில்லை, அப்படித்தான் வளர்த்திருந்தேன்.

அதற்குள் கரண்ட் போய்விட்டது. நான் வியாபாரியை அழைத்துவரச் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். அப்படியே பழமும் வாங்கினேன், நல்ல பழமாகப் பொறுக்கி எடுத்தேன். கரண்ட் வந்ததும் தம்பி உள்ளேயிருந்து குரல் கொடுத்திருக்கிறான், ஞானதுரை மெயினைப் போட்டிருக்கிறான். ஞானதுரை பலகையை இறக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். தம்பி ஒரு பூவைச் செதுக்கி முடித்துவிட்டு மிஷினை நிறுத்திக் குனிந்திருக்கிறான். தலை இறங்கியது. ஞானதுரை அலறிக்கொண்டு ஓடி மெயினை அணைத்தான், தலையைத் தூக்கித் தம்பியை வெளியே இழுத்தான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நாங்கள் வந்தபோது ஷெட் நிறையக் கூட்டம். வியாபாரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பழப்பையை எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் மிஷின் வாங்க வரவில்லை என்று எனக்குத் தெரியும். வாங்க வருகிறவன் முதலில் இரும்பைத் தட்டிப் பார்ப்பான். நீங்கள் வந்ததும் டிரைவரைக் கேட்டீர்கள். ஞானதுரைக்குப் புதிதாக ஒரு வக்கீல் வந்திருப்பதாகவும், ராஜமணி என்று பேர் என்றும், குமுளிக்குப் போய்ப் பவானியைப் பார்த்ததாகவும் காதில் விழுந்தது. அது நீங்கள்தானே. பரவாயில்லை, உட்காருங்கள். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் தம்பிக்குப் பக்கத்தில் பவானி இருந்தாள், நான் இருந்தேன். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்முன் அவன் கண்ணைத் திறந்தான். உதடு அசைந்தது. பவானி காதைக் கொடுத்தாள். "டிரைவர மாத்திட்டாக" என்றான். இன்னொரு தடவையும் அதையே சொன்னான். "டிரைவர மாத்திட்டாக." அவன் கடைசியாகப் பேசியது அதுதான். ஆபரேஷன் முடிந்து நினைவு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. கழுத்து வழியாக மூளைக்குப் போகிற ரத்தம் தடைப்பட்டுவிட்டதாம். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவும் இல்லை.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் வடக்கே சென்னைப் பக்கம் எங்கேயோ பிறந்தவர். நல்ல மனுஷர், எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"உங்க தம்பி, டிரைவர மாத்திட்டாங்கன்னு சொல்லியிருக்காரு. உங்ககிட்ட எத்தனை டிரைவர்?"

"எங்க வண்டிக்கு ஒரு டிரைவர்தான் சார். ஞானதுரை."

"அவன மாத்துறதாப் பேச்சு இருந்துச்சா?"

"வண்டியவே விக்கிறதாப் பேச்சு இருந்துச்சு சார்."

"வித்தா அவனுக்கு வேலை போயிரும்."

"போகும் சார்."

"மெயின ஆஃப் பண்ணா அந்த மிஷின் தலை எறங்குமா?"

"எறங்கும் சார். முன்னாடி ஒரு கல்லு தொங்குச்சு, இப்ப இல்ல."

"அது அவனுக்குத் தெரியுமா?"

"கல்ல எறக்கி வச்சப்ப கூடத்தான் நின்னான் சார்."

"மெயின ஆஃப் பண்ணது யாரு?"

"நான் ஊர்ல இல்ல சார். அவன்தான் பண்ணதா அவனே சொல்றான்."

இதில் ஒரு சொல்லாவது பொய் உண்டா, நீங்களே சொல்லுங்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவர் டிரைவர் என்று கேட்டார், நான் டிரைவரைச் சொன்னேன். வேலை போகிற ஆத்திரத்தில், குனிந்திருந்த முதலாளியின் மேல் மிஷினை இறக்கிவிட்டான் என்று கேஸ் எழுதினார்கள். ஊருக்கும் அது பொருத்தமாகவே பட்டது. பார்க்கச் சாதுவாக இருப்பான், ஊமைக்குசும்பு என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்த வார்த்தையை எங்கேயிருந்து எடுத்தார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மிஷினைச் சோதிக்க மதுரையிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். அதற்கு முன்பே கறுப்புப் பெட்டியைப் பழைய இடத்தில் மாட்டி, விசிறி வயரையும் செருகிவிட்டேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. அவர் ரொம்ப நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, மிஷினில் ஒரு குறையும் இல்லை, வயரிங் வேலை பிரமாதம் என்று எழுதிக்கொடுத்தார்.

ஞானதுரையை ஒரே ஒரு தடவை ஜெயிலில் போய்ப் பார்த்தேன். போகாவிட்டால் ஊர் என்ன நினைக்கும். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணே, விழுந்ததுக்கு அப்புறந்தான் ஆஃப் பண்ணேன்னு நெனைக்கேன். எல்லாரும் சொல்றதக் கேட்டுக் கேட்டு எனக்கே குழம்புது. முன்னாடியே பண்ணித் தொலைச்சுட்டனோ என்னமோ" என்றான். கண்ணீராக ஊற்றியது. மனசைத் தளர விடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் பெண்டாட்டி ஜக்கம்மா கைப்பிள்ளையோடு எங்கள் வாசலில் வந்து, "எங்க வீட்டுக்காரரு அப்புடிச் செய்யுற ஆளு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, நீங்க சொன்னா விட்டுருவாக" என்று நின்றாள். பாவமாக இருந்தது. கோர்ட்டு விஷயத்தில் நாம் தலையிடக் கூடாது என்று எடுத்துச் சொல்லி, சாப்பாடு போட்டு அனுப்பினேன்.

பவானியை நானே குமுளிக்கு அனுப்பிவைத்தேன். சின்ன வயசு, படுத்த படுக்கையாகக் கிடக்கிறவனோடு அவள் ஏன் அவதிப்பட வேண்டும் என்றுதான் சொன்னேன். முதலில் போகமாட்டேன் என்றாள். கண்ணை மூடித் திறந்தால் ஆமாம் என்று அவளும் அவனும் ஒரு பாஷை வைத்திருந்தார்கள், எந்நேரமும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நான் அவனுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் பால் தம்ளரோடு வாசற்படியில் நின்றாள்.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"வண்டி எங்க வண்டி. டிரைவர மாத்தியிருந்தா, மாத்திட்டேம்பாக, இல்ல மாத்திட்டோம்பாக. மாத்திட்டாகன்னு ஏன் சொன்னாக?"

நான் மற்றக் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தேன்.

"ஞானதுரைய ஏலேன்னுதான் கூப்புடுவாக. பெத்த தகப்பன் முகம் அவுகளுக்கு ஞாபகம் இல்ல. அவுக வாயால ஆகன்னு மரியாதை வச்சுப் பேசுனது இந்த வீட்டுல ஒருத்தரத்தான்."

பால் ஆறுகிறது, குடுத்துவிடு என்றேன். மறுவாரமே அவளுடைய மாமனை வரவழைத்து அனுப்பிவிட்டேன். பஸ் ஏறும்வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கெட்டிக்காரப் பெண்தான். வடக்கத்தி இன்ஸ்பெக்டருக்கு 'மாத்திட்டாங்க'வும் 'மாத்திட்டாக'வும் ஒன்று. இந்தப் பக்கத்து ஆளுக்குத்தான் அந்த ஒரு எழுத்தில் யார் என்று தெரியும். சாகக் கிடந்த நேரத்திலும் தம்பி எனக்கு மரியாதை குறைக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

டிரைவரை மாற்றியது நான்தான். குழவியை அவிழ்த்ததும் நான்தான், விசிறியை நிறுத்தியதும் நான்தான், அவன் குனிவான் என்று தெரிந்ததும் எனக்குத்தான். போதுமா. நீங்கள் இதைப் போய்ச் சொல்லலாம். பச்சைப் பலகை அந்த அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்துக்கொண்டுபோய்ச் சோதிக்கலாம். ஆறிப்போய்க் கிடக்கிறது, நன்றாகவே பிடிக்கும். டிரைவரை மாற்றியதாக அண்ணன் ஒத்துக்கொண்டான் என்று நீங்கள் கோர்ட்டில் சொன்னால், அப்படியானால் ஞானதுரைக்கு வேலை போனது உண்மைதான் என்று எழுதிக்கொள்வார்கள்.

கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். எனக்குப் பயம் இல்லை. நான் உள்ளே போய்விட்டால் இவனை யார் பார்ப்பது. புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், முதுகு புண்ணாகாமல் பவுடர் போட வேண்டும், வேளாவேளைக்கு ஊட்ட வேண்டும். ஞானதுரைக்கு ஜக்கம்மா இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது. இவனுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள். ஒரு மனுஷன் நின்ற இடத்தில் நின்று பிடித்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களைப்போல் ஓடுகிறவர்களுக்குத் தெரியாது.

அவனுக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, உள்ளே வாருங்கள். இவ்வளவு நேரம் நாம் பேசியதெல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கும், நடுவில் வெறும் தட்டிதான். பருப்புத் துவையலை அம்மாவின் குழவியால்தான் அரைக்கிறேன், மிக்சியில் அந்த ருசி வராது. கேரளாவுக்குப் போயிருந்தால் பொங்கலுக்குப் பொங்கல்தான் முகத்தைப் பார்த்திருப்பேன். இப்போது ஒரு பொழுதுகூட அவன் என்னைவிட்டுப் பிரிந்திருப்பதில்லை.

நீங்கள் கொஞ்சம் அவன் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்படித்தான், என் கையைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொள்வான். பவானி இருந்தபோது அவளிடம் தானாக வாயைத் திறப்பான், என்னிடம் மட்டும் அடம். உரிமை இருக்கிற இடத்தில்தானே அடம் பிடிப்பார்கள். இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன், மூக்கைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டால் போதும். பாருங்கள், திறந்துவிட்டான். அண்ணன் கையால் சாப்பிட்டால்தான் இவனுக்குச் சாப்பிட்டமாதிரி இருக்கும்.